எண் இருபத்து மூன்றின் கை

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகம். ரத்த அழுத்த மாத்திரையை ஒன்றரையிலிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டார் டாக்டர். மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? லாரி கிளட்சை மிதித்து மிதித்து வந்த வலி தைலத்துக்கெல்லாம் அடங்காது என்று சொல்.

நம் தொழிலுக்கு ஒரு நல்ல காலம் பிறந்திருக்கிறது. முன்பெல்லாம் பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, எப்போது கல்யாணம், எப்போது வெளிநாடு என்று கேட்பவர்களின் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்விகளே இல்லை. குணம் மட்டும்தான். பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களின் உள்ளங்கையில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி, ஒரு ஏஜென்சி மூலமாக எனக்கு அனுப்புகிறார்கள். ஒரு கட்டுக்கு அறுபது எழுபது கை. யார் பொறுமைசாலி, யார் முன்கோபி, யாரை நம்பிச் சாவி கொடுக்கலாம் என்று கைக்கு நாலு வரி எழுதித் தருகிறேன். டைப் அடிக்கக் கொடுத்தால் புத்திரேகையைப் புத்திரரேகை ஆக்கிவிடுகிறார்கள். அதனால் எல்லாம் என் கைப்படவே.

காகிதத்தில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். நான் போட்ட முதல் நிபந்தனையே அதுதான். பெயர் தெரிந்தால் மனம் சாயும். எண்ணுக்கு மாமன் மச்சான் கிடையாது.

சிட்டுவுக்கு அந்த மாத்திரை கம்பெனி வேலை பிடித்திருக்கிறதா? மாமா கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம். மனசுக்கு யாரும் நலமில்லை. அண்ணி சுகமா?

சிட்டுவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், அண்ணா. மூன்று வருடம் வேலை செய்தாள். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற மேஜைக்கு அவள்தான் பொறுப்பு. போன திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, “உங்க கை சரியில்லம்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்” என்றாராம். “என் கை என்ன சார் பண்ணுச்சு?” என்று கேட்டிருக்கிறாள்.

“பண்ணல. பண்ணும்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு.”

போன மாதம் எல்லோர் கையிலும் மை தடவி எடுத்தார்களாம். ஆரோக்கியப் பரிசோதனை என்று சொன்னார்களாம். மேனேஜர் படித்துக் காட்டிய வரியைச் சிட்டு மனப்பாடமாகச் சொல்கிறாள்: “கட்டைவிரல் மேட்டின் குறுக்கே ஆழமான வெட்டு. கூட இருப்பவர்களையே ஏமாற்றும் குணம். பொறுப்பில் வைக்கத் தகாதவர்.” அண்ணா, அது ரேகையா? ஏழு வயதில் பிஸ்கட் டப்பா மூடி கிழித்த தழும்பு! அன்றைக்கு நீங்கள்தானே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். நாலு தையல் போட்டார்களே. தழும்புக்கும் ரேகைக்கும் வித்தியாசம் தெரியாத எந்தத் தடிமாடு இதை எழுதியது? அவன் கை விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்தேன்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாற்பது படுக்கைவிரிப்பைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன். ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, அப்படியே பிடித்துக்கொள்ளும். பதினாறு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற பாடம் அது.

சிட்டு வேறு இரண்டு கம்பெனிக்குப் போனாள். இரண்டு பேரும் பழைய இடத்துக்கு ஃபோன் போட்டு விசாரித்துவிட்டு, “அப்புறம் சொல்றோம்” என்றார்கள். கைநீளம் என்ற பெயர் ஒரு பெண்ணின் மேல் விழுந்தால் அதை எந்தச் சோப்பைப் போட்டு வெளுப்பது?

உங்களைப் போல் நியாயமாகப் பார்க்கிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்களே. இவள் கையைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். துணிக்குக் குறி போடும் மையில் அவள் வலது கையை ஒற்றி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை

*

மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் தெரியவில்லை, ஏனென்றால் கடிதம் இல்லை. உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே தபால்பெட்டி இருந்தது. அதை யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களா?

சிட்டு வெளியே போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ ஒரு சாமானைக் காணோம் என்று சத்தமாகத் தேடினால் இவள் முகம் வெளுத்துப்போகிறது. நேற்று கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது உள்ளங்கையை விரிக்காமல், மேஜைமேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். இருபத்து நாலு வயதுப் பெண், அண்ணா. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கிறது.

நாலு வரிதானே கேட்டேன்?

தங்கை

*

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

சுகம். நடுவில் காய்ச்சலாகக் கிடந்தேன், அதுதான் தாமதம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சிட்டுவின் கையை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். நல்ல கை. புத்திரேகை நூல் பிடித்த மாதிரி போகிறது. அப்படிப்பட்டவர்கள் மனசில் ஒன்று வாயில் ஒன்று வைக்க மாட்டார்கள். இதயரேகை ஆள்காட்டி விரலின் அடிவரை ஏறி நிற்பதால் மற்றவர்களுக்காகப் பேசும் குணம் உண்டு. நாணயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரல் மேட்டில் இருப்பது தழும்பு. அதற்குப் பலன் கிடையாது.

இதைச் சிட்டுவிடம் படித்துக் காட்டு. அவளுக்கு ஒரு தெம்பாக இருக்கும். முதலில் எழுதியவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. எத்தனையோ கட்டுகளுக்கு நடுவில் அவருக்கும் என்ன நெருக்கடியோ. காலம் எல்லாவற்றையும் ஆற்றும்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 12

அண்ணனுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நான் சிட்டுவிடம் மட்டும் படித்துக் காட்டவில்லை. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பெருமையாக அந்தக் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போனேன். “என் அண்ணன் முப்பது வருஷமா கை பாக்கறவர். அவர் என்ன எழுதியிருக்கார்னு பாருங்க சார்” என்று மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிரித்தார்.

“ஏம்மா, ரெண்டையும் எழுதினது ஒரே ஆளுதானே?”

உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா? உங்கள் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டவள் நான். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் வாலை நீட்டி விடுவீர்களே, அதே வால்.

இனிமேல் ‘நீங்கள்’ என்று எழுத எனக்கு வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

ஐந்து வாரம் பேசாமல் இருந்தாயே, அப்போதே உனக்குத் தெரியும். காய்ச்சலாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எனக்குத் தெம்பு அனுப்புகிறாய். ‘அவருக்கும் என்ன நெருக்கடியோ’ என்று உனக்கே நீ பரிந்து பேசியிருக்கிறாய். எழுதும்போது கை கூசவில்லையா? கை விளங்காமல் போகட்டும் என்று நான் சபித்தது யாரை என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தச் சாபத்தை நான் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

என் கையையும் நீ பார்த்தாய். எனக்குப் பதினாலு, உனக்குப் பதினெட்டு. ஏதோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். அப்பாவின் முன்னால் என் கையை விரித்து, “இவளுக்குப் படிப்பு ஏறாதுப்பா. கையிலயே இல்ல” என்றாய். அடுத்த வருடம் என் பள்ளிக்கூடம் நின்றது. அப்போதுகூட எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. கையில் இல்லாததற்கு அண்ணன் என்ன செய்வான் என்று இருந்துவிட்டேன். என் மகள் அப்படி இருக்க மாட்டாள்.

நீ எழுதியது தப்பு என்று கம்பெனிக்கு எழுது. உன் பெயர் போட்டு எழுது.

தங்கை

*

ஏப்ரல் 16

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். உன் உடம்புக்கு இந்தக் கோபம் ஆகாது.

கட்டில் இருந்தது மை பூசிய ஒரு காகிதம். எண் இருபத்து மூன்று. அது என் ரத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் பார்த்தேன் என்பதே நான் நேர்மையாகப் பார்த்தேன் என்பதற்குச் சாட்சி இல்லையா? அச்சில் தழும்பும் ரேகையும் சில சமயம் ஒன்றுபோல் விழும். யானைக்கும் அடி சறுக்கும்.

ஒன்று செய்கிறேன். ‘எண் இருபத்து மூன்று மட்டும் மறுபரிசீலனைக்கு உரியது, தழும்பினால் நேர்ந்த பிழை, மற்றவை சரி’ என்று ஏஜென்சிக்கு எழுதுகிறேன். சிட்டுவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும். நீயும் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும். அண்ணி எனக்காக ரொம்பக் கவலைப்படுகிறாள்.

உன் அண்ணன்

*

மே 6

மாமாவுக்கு,

சிட்டு எழுதுவது. அம்மாவும் அப்பாவும் நலம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அம்மா படித்துவிட்டு, “யானையாம்! மூஞ்சியப் பாரு” என்று தரையில் எறிந்தார். நான் எடுத்துப் படித்தேன். தயவுசெய்து என் ஒருத்திக்காக மட்டும் எழுதாதீர்கள். என் கையைப் பற்றி எழுதியது மட்டும் தப்பு என்றால், மற்ற ஆறு பேரைப் பற்றி எழுதியது சரி என்று ஆகிவிடும்.

ஆமாம் மாமா, ஆறு பேர். எண் எட்டு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்போது வீட்டு வேலைக்குப் போகிறார். ‘மறைத்துப் பேசும் குணம்’ என்று எழுதினீர்களே, அவர்தான். எண் நாற்பதுக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கம்பெனியில் விசாரித்தார்களாம். எண் முப்பத்தொன்று எங்களிடம்கூடப் பேசுவதில்லை.

நாங்கள் ஏழு பேரும் ஒரே வாரத்தில் வெளியே அனுப்பப்பட்டோம். ஏன் தெரியுமா? எங்கள் கூடத்தில் தூசி உறிஞ்சும் மெஷின் கெட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. மாத்திரைத் தூள் பறந்து எல்லோருக்கும் இருமல். பழுது பார்க்கச் சொல்லி ஒரு மனு எழுதினோம். அறுபத்தெட்டுப் பேரில் ஏழு பேர்தான் பயப்படாமல் கையெழுத்துப் போட்டோம். அதே ஏழு பேர் கையில்தான் உங்களுக்கு ஏமாற்றும் குணம் தெரிந்திருக்கிறது. ரேகைக்கு மனு தெரியுமா, மாமா?

தொழிலாளர் நல அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆகஸ்டு முதல் வாரம் விசாரணை. ஆலோசகர் யாருடைய பெயரும் தெரியாமல், பாரபட்சம் இல்லாமல் பார்த்து எழுதியது என்று கம்பெனி சொல்கிறது. அது உண்மையா என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் உங்கள் தோளில் உட்கார்ந்து தையல் போடப் போனவள். இப்படி எழுத வைத்துவிட்டீர்களே என்றுதான் எனக்குக் கோபம்.

சிட்டு

*

ஜூன் 26

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

சிட்டுவுக்கு எழுதத் துணிச்சல் வரவில்லை, உனக்கு எழுதுகிறேன். எண்ணுக்கு மாமன் மச்சான் கிடையாது என்று உனக்கு எழுதினேன். சில எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருக்கும் என்பதை எழுதவில்லை. ஏஜென்சிக்காரர் முதல் கட்டிலேயே சொல்லிவிட்டார்: “புள்ளி வெச்சதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பா எழுதிடுங்க சார்.” ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கட்டு வராது.

அந்தக் கட்டில் ஏழு புள்ளி. புள்ளி வைத்த கையை நான் படிப்பதில்லை. குறை சொல்ல என்ன கிடைக்கும் என்று தேடுவேன். இருபத்து மூன்றில் வெள்ளையாக ஒரு கோடு கிடைத்தது. தழும்பு என்று அப்போதே தெரியும். எந்த ரேகையும் அப்படிக் கத்தரித்த மாதிரி நிற்காது. தெரிந்துதான் எழுதினேன். உன் உறையில் இருந்ததும் அதே கைதான் என்று பிரித்த அன்றே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் படிப்பு விஷயம். முந்தின நாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு பேரையும் படிக்க வைக்க முடியாதுடா. நான் நிறுத்தினா அழுவா. கையில இல்லன்னு நீ சொல்லு, கேட்டுக்குவா” என்றார். உன் கையை விரித்துப் பிடித்தேனே தவிர, பார்க்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். படித்ததும் இதை எரித்துவிடு. சிட்டுவிடம்கூடக் காட்டாதே. எனக்கு ஐம்பத்தாறு வயது, வேறு தொழில் தெரியாது. நீ அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாதவள். அது ஒன்று மட்டும் ரேகை பார்க்காமலே எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்

*

ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? பதில் இல்லை. அந்தக் கடிதத்தை எரித்துவிட்டாய் என்று நம்புகிறேன். ‘ஆயிற்று’ என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும். தபால்காரர் மணி அடித்தால் அண்ணிக்கு முன்னால் நானே வாசலுக்கு ஓடுகிறேன்.

பெயர் தெரியாமல்தான் பார்த்தேன் என்று விசாரணைக்கு எழுதித் தரச் சொல்லி ஏஜென்சியில் கேட்கிறார்கள். அது பொய் இல்லையே. பெயர் தெரியாதுதானே? நீ கோபப்படாமல் யோசித்துப் பார்.

உன் அண்ணன்

*

ஆகஸ்டு 9

அண்ணனுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. இங்கே எல்லோரும் நலம். இந்த முறை உண்மையாகவே நலம்.

எரிக்கத்தான் போனேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. இவ்வளவும் படித்த பிறகும், அண்ணன் சொல்லிவிட்டான் என்பதற்காக எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து அறையில் சிட்டு ஏதோ ஒரு கம்பெனிக்கு ஃபோனில், “இல்ல சார், அங்கேருந்து நானா நிக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடியும் மடிப்பைப் பிரித்து அப்பா சொன்ன வரியைப் படித்தேன். கேட்டுக்குவா.

கேட்டுக்கொண்டேன் அண்ணா. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் தேர்வுக்கு மூன்று முறை என் பெயரைப் போட்டுப் படிவம் வந்தது. மூன்று முறையும் பக்கத்தில் நிற்பவளிடம் நீட்டிவிட்டேன். நமக்குப் படிப்பு கையில் இல்லையே, போய் அசிங்கப்படுவானேன் என்று. என்னிடம் பாடம் கற்றுக்கொண்டவள் இன்று எனக்கு மேலே உட்கார்ந்து என் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அப்பாவுக்கு வசதி இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், வேறு வழி தேடியிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குறை என்னிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டீர்கள். முப்பத்தெட்டு வருடம் நான் என்னையே நம்பாமல் இருந்தேன். அதற்கு நீ எனக்கு ஒதுக்கியது அரைப் பக்கம்.

அடுப்பை அணைத்தேன். சிட்டுவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். நம் அப்பாவைப் பற்றிய பகுதியைக் கிழித்துவிட்டு மீதியை விசாரணையில் தரவா என்று கேட்டாள். வேண்டாம், முழுசாகக் கொடு என்றேன்.

விசாரணைக்கு நீ வரவில்லை. பெயர் தெரியாமல் நேர்மையாகப் பார்த்தேன் என்று நீ எழுதிக் கொடுத்த தாள் மட்டும் வந்திருந்தது. மேனேஜர் அதை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு சிட்டு எழுந்து புள்ளிக் கடிதத்தைக் கொடுத்தாள். அதிகாரி ஒரு பெண். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏழு பேர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். எண் எட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மேனேஜர், “இது யார் எழுதினதோ, எங்களுக்குத் தெரியாது மேடம்” என்றார். நான் எழுந்தேன். “இதுவும் அதே கையெழுத்துதான். உங்க ரிப்போர்ட்டும் என் அண்ணன் கடிதமும் ஒரே ஆளு எழுதினதுன்னு ஏப்ரல் மாசம் எனக்குக் காட்டினதே நீங்கதானே சார்?” என்று கேட்டேன்.

ஏழு பேரையும் திரும்ப எடுக்க வேண்டும், குண அறிக்கை செல்லாது என்று எழுத்தில் தர வேண்டும், மெஷினை ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு. சிட்டு திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். எண் நாற்பதின் கல்யாணம் நின்றது நின்றதுதான். அதற்கு எந்த அதிகாரியும் உத்தரவு போட முடியாது. அந்தப் பெண்ணுக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதுவாயா என்று எனக்குத் தெரியாது.

கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தாயே, உறுத்தவில்லையா என்று கேட்பாய். உறுத்துகிறது. ராத்திரியில் தூக்கம் வரவில்லை. ஆனாலும் இன்னொரு முறை அந்தக் கடிதம் வந்தால் இன்னொரு முறையும் கொடுப்பேன்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான்: நான் எரிக்கவில்லை. உன் கடிதம் இப்போது அலுவலகக் கோப்பில் இருக்கிறது, திரும்பக் கிடைக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடாதே.

தங்கை